தட்டில் ஒரு பச்சை, ஏரியில் ஒரு பச்சை: வீட்டில் செய்யும் பொய்யிரைக்கு வண்ணம் கலக்கும் முறை

வேலூர், குடியாத்தம் பக்கத்து ஊர்களில் மாட்டுப் பொங்கல் முடிந்ததும், கொம்புக்குத் தீட்டியது போக மிஞ்சிய எனாமல் பெயிண்ட் டப்பாக்கள் திண்ணை ஓரத்தில் ஓரிரு மாதம் கிடக்கும். நான் முதன்முதலாகச் செதுக்கிய மரத்தவளைக்கு அப்படி மிஞ்சிய நீலத்தையும் மஞ்சளையும் கொண்டுதான் வண்ணம் கொடுத்தேன். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்று பள்ளியில் படித்திருந்த நம்பிக்கையில், நெல் நாற்றின் பச்சை வரும் என்று எதிர்பார்த்துக் கலந்தேன். வந்ததோ சாணம் கரைத்த நீரின் நிறம். பெயிண்ட் வீணாகப் போகக்கூடாது என்பதற்காக அதையே பூசி எடுத்துச் சென்றபோது, ஏரி ஓரத்து நாணல் அடியில் ஒரு விரால் அதைக் கவ்வியது. பளிச்சென்ற பச்சை கிடைக்காமல் போனதற்கும், கிடைத்த மங்கல் பச்சை நிஜத் தவளையை ஒத்திருந்ததற்கும் காரணம் ஒன்றே என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தக் காரணத்தைத்தான் இக்கட்டுரை விளக்குகிறது.

உயிர்த்தவளையை முள்ளில் கோத்து விரால் பிடிப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அதற்குப் பதிலாக மரம், ரப்பர், தகடு ஆகியவற்றால் செய்த பொய்யிரையை நரம்பில் கட்டி வீசி இழுப்பதை இன்றைய தூண்டில்காரர்கள் லூர் என்கிறார்கள். காய்ந்த கல்யாண முருங்கைக் கட்டையில் விரல் நீளத்துக்கு ஒன்றைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கம்பி கோத்து வைத்துக்கொண்டு, இதற்கு என்ன வண்ணம் கொடுப்பது, அதை எப்படிக் கலப்பது என்று விழிப்பவருக்காகவே இதை எழுதுகிறேன். ஸ்பிரே கருவி எதுவும் தேவையில்லை. தூரிகை, பஞ்சுத் துண்டு, பல் குத்தும் குச்சி, உடைந்த வெள்ளை டைல்ஸ் ஒன்று, காலியான மாத்திரை அட்டை ஆகியவை இருந்தால் போதும். மருத்துவமனைகளால் பெயர்பெற்ற வேலூரில் மாத்திரை அட்டைக்குப் பஞ்சம் இராது. அதன் குழி ஒவ்வொன்றும் ஒரு கலவைக்குச் சரியான கிண்ணம்.

பெயிண்ட் எப்படி நிறம் காட்டுகிறது

வெயிலின் வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் அடங்கியிருக்கின்றன. பெயிண்டில் உள்ள நிறமித்துகள் அவற்றுள் சிலவற்றை விழுங்கிவிட்டு மற்றவற்றைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வருவதைத்தான் நாம் அதன் நிறம் என்கிறோம். இரண்டு பெயிண்டைக் கலக்கும்போது இரண்டின் விழுங்கும் வேலையும் ஒன்றாக நடக்கிறது. இரண்டு பேர் ஒரே தட்டில் கை வைத்தால் இருவருக்கும் பிடிக்காத பதார்த்தம் மட்டுமே மிஞ்சுவது போல, இரண்டு நிறமியும் விழுங்காமல் விட்ட ஒளியே கலவையின் நிறமாக மிஞ்சும். கைபேசித் திரை தானே ஒளி விடுவதால் அங்கே நிறங்கள் கூடக் கூட வெளிச்சம் கூடும்; பெயிண்ட் ஒளியை விழுங்குவதால் தட்டில் பெயிண்டுகள் கூடக் கூட இருட்டு கூடும். ஐந்தாறு வண்ணத்தை ஒன்றாகக் கலந்த குழந்தையின் தட்டில் எப்போதும் சேற்று நிறமே நிற்கும்.

மஞ்சள் பெயிண்ட் நீல ஒளியை விழுங்கி, சிவப்பு, மஞ்சள், பச்சை ஒளிகளைத் திருப்புகிறது. நீலப் பெயிண்ட் சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கி, நீலத்தோடு கொஞ்சம் பச்சையையும் திருப்புகிறது. இருவரும் விட்டுவைத்தது பச்சை. ஆகவே கலவை பச்சையாகிறது. இங்கேதான் பள்ளிப் பாடம் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று இருக்கிறது. அந்த நீலம் எவ்வளவு பச்சையைத் திருப்புகிறது என்பதைப் பொறுத்தே கலவையின் பச்சை பளிச்சென்று வரும் அல்லது செத்துப்போகும். பள்ளிப் பெட்டியில் நாம் எல்லாரும் பார்த்த பிரஷ்யன் ப்ளூ, பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம். வெள்ளை வேட்டிக்குப் போடும் பழைய நீலத்தூளின் நிறமியான அல்ட்ராமரின், ஊதாப் பக்கம் சாய்ந்த நீலம். அது பச்சையைக் குறைவாகவும் சிவப்பைச் சற்று மிச்சம் வைத்தும் திருப்புகிறது. மஞ்சளிலும் அப்படியே: லெமன் எல்லோ பச்சைப் பக்கம் சாய்ந்தது, குரோம் எல்லோ ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. நான் கலந்த கொம்புப் பெயிண்டில் நீலம் ஊதாவுக்கும் மஞ்சள் ஆரஞ்சுக்குமாக விலகிச் சாய்ந்திருந்தன. இரண்டும் சேர்ந்து விட்டுவைத்த பச்சை மிகவும் கொஞ்சம் என்பதால்தான் சாண நிறம் வந்தது.

இந்தச் சாய்வைப் புரிந்துகொண்டால் வண்ணக் கலவையில் முக்கால் பங்கு புரிந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்த இரண்டு வண்ணங்கள் பளிச்சென்ற கலவையைத் தரும்; ஒன்றை விட்டு ஒன்று விலகிச் சாய்ந்தவை மங்கிய கலவையைத் தரும். லெமன் எல்லோவும் பிரஷ்யன் ப்ளூவும் சேர்ந்தால் கிளிப்பச்சை வரும். குரோம் எல்லோவும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் பாசிப் பச்சை வரும். ஊதாப் பக்கம் சாய்ந்த சிவப்பான கிரிம்சனும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் கத்தரிப்பூ ஊதா வரும்; ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பான வெர்மிலியனும் பிரஷ்யன் ப்ளூவும் சேர்ந்தால் ஊதா வராமல் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு பழுப்பு வந்து நிற்கும். இவற்றுள் எதுவும் தவறான கலவை அல்ல. ஏரியில் வாழும் உயிர்களின் உடம்பில் கிளிப்பச்சையைவிடப் பாசிப் பச்சையே அதிகம் என்பதால், மங்கிய கலவைகளைத் தெரிந்தே செய்யக் கற்றுக்கொள்வது தூண்டில்காரருக்கு அதிகம் பயன்படும்.

எத்தனை குப்பி வேண்டும்

கடையில் இருபத்துநான்கு நிறப் பெட்டியைப் பார்த்ததும் கை நீளும். ஆனால் கலக்கக் கற்பதற்கு அது தடையாகவே இருக்கும். ஒவ்வொரு முதன்மை நிறத்திலும் இரண்டு சாய்வு வீதம் ஆறு குப்பிகளும், வெள்ளை, கறுப்பு, பர்ன்ட் சியன்னா என்ற செம்மண் பழுப்பு ஆகிய மூன்றும் போதும். ஆறு என்பன லெமன் எல்லோ, குரோம் எல்லோ, வெர்மிலியன், கிரிம்சன், பிரஷ்யன் ப்ளூ, அல்ட்ராமரின். தையல் சாமான் விற்கும் கடையிலும் எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும் அக்ரிலிக் வகையே தொடக்கக்காரருக்கு ஏற்றது. நீரில் கரையும், காய்ந்தால் நீருக்கு அசையாது. நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும் என்பதால், ஓவியர்களுக்கான குழாய்களின் முதுகில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீட்டைப் பார்ப்பது நல்லது. பி.பி. (பிக்மென்ட் ப்ளூ, அதாவது நீல நிறமி) 29 என்றால் அல்ட்ராமரின், பி.பி. 27 என்றால் பிரஷ்யன் ப்ளூ. பி.பி. 15 என்பது 1935-இல் சந்தைக்கு வந்த தாலோ நீலம். அதுவும் பச்சைச் சாய்வுதான் என்பதால் பிரஷ்யன் கிடைக்காத இடத்தில் அதை வாங்கலாம். ஆனால் தாலோவின் வீரியம் அபாரமானது. பல் குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு வைத்தாலே ஒரு குழி மஞ்சளைப் பச்சையாக்கிவிடும்.

இதிலிருந்து கலக்கும் வரிசையும் தெளிவாகும். வெளிர் நிறத்தை முதலில் ஊற்றி, அடர்ந்த நிறத்தைத் துளித்துளியாக அதற்குள் விட வேண்டும். மாற்றிச் செய்தால், ஒரு துளி நீலத்தை மஞ்சளாக்க முயன்று முழுக்குப்பி மஞ்சளையும் கொட்டித் தீர்க்க வேண்டி வரும். ஊசி நீக்கிய சிரிஞ்சால் சொட்டுகளை எண்ணி விட்டால், அடுத்த முறை அதே நிறத்தை மீண்டும் கொண்டுவரலாம். வேலூர் வெயிலில் அக்ரிலிக் சில நிமிடங்களில் மேல்தோல் கட்டிவிடும் என்பதால், மாத்திரை அட்டைக்கு அடியில் ஈரத்துணி விரித்து நிழலில் வேலை செய்ய வேண்டும். கட்டிவிட்டதே என்று நீரை நிறைய ஊற்றினால் பிடிமானம் நீர்த்துப்போய், காய்ந்தபின் நகத்தால் சுரண்டினாலே உரிந்துவரும்.

ஒரு நிறத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர், எந்த நிறத்தையும் மூன்று அளவைகளால் குறிக்க ஒரு முறை வகுத்தார். அது எந்த நிறம் என்பது முதல் கேள்வி. எவ்வளவு வெளிர் அல்லது எவ்வளவு கருமை என்பது இரண்டாவது. எவ்வளவு பளிச்சு அல்லது எவ்வளவு மங்கல் என்பது மூன்றாவது. புதிதாகக் கலப்பவர் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார். பச்சை வந்துவிட்டது, ஆனால் தவளை போல் இல்லையே என்று தவிப்பவருக்குச் சிக்கல் நிறத்தில் இல்லை, மற்ற இரண்டில் இருக்கிறது.

வெளிர வைக்க வெள்ளையைச் சேர்க்கலாம். ஆனால் வெள்ளை நிறத்தை வெளிர வைப்பதோடு பால் ஊற்றியது போல மங்கவும் வைக்கும். சிவப்பை வெளிர வைக்கப் போய் இளஞ்சிவப்பில் முடியும். பளிச்சு குறையாமல் வெளிர வேண்டும் என்றால் பக்கத்து வெளிர் நிறத்தைச் சேர்க்க வேண்டும்: சிவப்புக்கு ஆரஞ்சு, பச்சைக்கு லெமன் எல்லோ. அடர்த்தியாக்கக் கறுப்பைத் தேடுவோருக்கும் ஒரு சொல். மஞ்சளில் கறுப்பைச் சேர்த்தால் அடர்மஞ்சள் வராது, பாசிப் பச்சை வரும். ஏனென்றால் பெயிண்ட் கறுப்பு பெரும்பாலும் நீலத்தின் பக்கம் சாய்ந்தது. ஓவியர் இதைக் குறையாகச் சொல்வார். தவளை செய்பவருக்கு இதைவிட எளிய வழி வேறில்லை.

மங்க வைப்பதற்கு எதிர்நிறம் உதவும். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா எதிர்நிறங்கள். ஒன்றின் ஒளியை மற்றது விழுங்கிவிடும் என்பதால் இரண்டும் சேர்ந்தால் சாம்பலும் பழுப்புமாக அடங்கும். இது நம் வீட்டுக்குப் புதிதன்று. பழுத்துப்போன வெள்ளை வேட்டியின் மஞ்சளை நீலம் போட்டு அடக்குவது இந்தக் கணக்கில்தான். ஆனால் மஞ்சள்தூளில் சுண்ணாம்பைச் சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வருவதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது காரம் பட்டு மஞ்சளின் நிறப்பொருளே மாறும் வேதிவினை, நிறக்கலவை அன்று. பெயிண்ட் தட்டில் அப்படிப்பட்ட அதிசயம் எதுவும் நடக்காது.

தவளை, கெண்டை, விரால் குஞ்சு

தவளையில் தொடங்குவது நல்லது. பிழை பொறுக்கும் உருவம் அது. கீழே தரும் சொட்டுக் கணக்கு என் குப்பிகளுக்கு ஒத்துவந்தது. உங்கள் குப்பிக்கு ஒரு சொட்டு கூடலாம், குறையலாம். முதலில் கட்டை முழுவதற்கும் வெள்ளை இரண்டு பூச்சு கொடுத்து நன்றாகக் காயவிட வேண்டும். வெள்ளை அடித்தளம் இல்லாவிட்டால் மரத்தின் பழுப்பு எல்லா நிறத்தையும் தன் பக்கம் இழுத்துவிடும். வயிற்றுக்கு வெள்ளை 12 சொட்டில் குரோம் எல்லோ 1 சொட்டு. மோர் நிறம் வரும். முதுகுக்கு லெமன் எல்லோ 10 சொட்டில் கறுப்பு 1 சொட்டு. பாசிப் பச்சை வரும். அதில் பர்ன்ட் சியன்னா ஒரு சொட்டு விட்டால் மழைக்காலச் சேற்றுத் தவளை. முதுகும் வயிறும் சந்திக்கும் விளிம்பைத் தூரிகையால் கோடாக இழுக்காமல், இரண்டு கலவையையும் சம அளவில் சேர்த்து ஓர் இடைநிறம் செய்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி மறைக்க வேண்டும். புள்ளிகளுக்குத் தனிக் கறுப்பைத் தொடாதீர்கள். முதுகுக்குக் கலந்ததில் மிஞ்சியதோடு மேலும் இரண்டு சொட்டுக் கறுப்பும் கொஞ்சம் கிரிம்சனும் சேர்த்தால் கிடைக்கும் கரும்பச்சை, உடம்போடு உறவுள்ள நிறமாக உட்காரும். பழைய பல் தூரிகையை அதில் தொட்டு விரலால் நீவித் தெளித்தால் தவளைத்தோலின் சொரசொரப்பு வந்துவிடும். கண்ணுக்கு ஆணித் தலையை மஞ்சளில் தொட்டு ஓர் ஒற்று, காய்ந்தபின் சிறிய ஆணியால் கறுப்பில் ஓர் ஒற்று.

கடையில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் தவளை லூர் விற்பதைக் கண்டு இப்படி ஒரு தவளை உண்டா என்று நகைப்பவர்கள் உண்டு. நம் பெருந்தவளையின் ஆண்கள் மழை பெய்து இனச்சேர்க்கைக் காலம் வந்ததும் எலுமிச்சை மஞ்சளாகவே மாறிவிடுகின்றன. நகைப்பவர் முதல் மழை இரவில் கழனிப் பக்கம் போனதில்லை என்று பொருள்.

கெண்டைக் குஞ்சுக்கு வெள்ளி மினுக்கு வேண்டும். வெள்ளிப் பெயிண்ட் என்பது நிறமன்று. நுண்ணிய அலுமினியத் தகடுகள் கண்ணாடி போல ஒளியைத் திருப்புவதே அதன் வேலை. அதோடு வெள்ளையைக் கலந்தால் தகடுகள் மூடுண்டு சிமென்ட் சாம்பலாகிவிடும். முத்து மினுக்கு வகைகளுக்கும் இதே விதி; அபிரகத் தகடுகளைக் கொண்ட அவற்றைத் தனியாகப் பூச வேண்டும், அல்லது ஒளி ஊடுருவும் நிறத்தை ஒரு சொட்டுக்கு மேல் சேர்க்காமல் பூச வேண்டும். முதுகுக்குக் குரோம் எல்லோ 6, அல்ட்ராமரின் 3, வெள்ளை 2, பக்கங்களுக்கு வெள்ளி, வயிற்றுக்கு வெறும் வெள்ளை. வால் அடியில் ஒரு கரும்புள்ளி வைத்தால் நம் ஏரிகளில் மொய்க்கும் சிறு கெண்டை. பக்கங்களில் குறுக்குப் பட்டைகளை மங்கலாக இழுத்தால் ஜிலேபிக் குஞ்சு. செதிலுக்குக் கொசுவலைத் துண்டை இறுகச் சுற்றி, பஞ்சால் முதுகு நிறத்தை ஒற்றிவிட்டு வலையைப் பிரித்தால் போதும்.

விரால் குஞ்சுகள் சிறு வயதில் செம்மஞ்சளாகக் கூட்டமாகத் திரியும். குரோம் எல்லோ 4 சொட்டில் வெர்மிலியன் 1 சொட்டு அந்த நிறத்தைத் தரும். இந்த நிற லூரை வைத்துக்கொண்டு குஞ்சுக் கூட்டத்தின் மேலேயே வீசுபவர்கள் இருக்கிறார்கள். காவல் நிற்கும் தாயும் தகப்பனும் கோபத்தில் பாய்ந்து மாட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். பெற்றோர் போனபின் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் விட்டுவைக்கமாட்டா என்பதால் நான் அதைச் செய்வதில்லை. அந்த நிறத்தை வேறு இடத்தில் வீசினாலும் மீன் வருகிறது.

நியான் என்று விற்கப்படும் ஒளிர்நிறங்களைப் பற்றிச் சுருக்கமாக: இவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் நீல ஒளியையும் விழுங்கி, அதைத் தம் நிற ஒளியாக மாற்றி வெளிவிடுகின்றன. கறுப்போ எதிர்நிறமோ ஒரு சொட்டுச் சேர்ந்தாலும் அந்தக் கூடுதல் ஒளி அணைந்துவிடும். வெள்ளை அடித்தளத்தின் மேல் தனியாகவே பூச வேண்டும். வெயிலில் கிடந்தால் மற்ற நிறங்களைவிட விரைவில் வெளுத்தும் போகும்.

தட்டிலிருந்து நீருக்கு

இதுவரை சொன்னதெல்லாம் மனிதக் கண்ணுக்கும் காற்றுக்கும் உரியது. நீர் தானே ஒரு நிறக்கண்ணாடி. அதன் வழியாகப் பார்க்கும்போது நாம் கலந்த கலவைக்கு இன்னொரு நிறம் கலந்துவிடுகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தெளிந்த நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்குகிறது. கடலில் சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு கருத்துப்போவதும், நீலம் ஆழம்வரை செல்வதும் இதனால்தான். தூண்டில் பற்றிய பெரும்பாலான குறிப்புகள் இந்தக் கடல்நீர்க் கணக்கை வைத்துக்கொண்டு, ஆழத்துக்கு நீலம் கட்டு என்கின்றன.

நம் ஏரிகளுக்கு அந்தக் கணக்கு தலைகீழ். காவேரிப்பாக்கம் போன்ற பெரிய ஏரியானாலும், ஊருக்கு ஊர் இருக்கும் சிறு தாங்கலானாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் செம்மண் கரைந்து வரும். கோடையில் நீர் வற்றி வெதுவெதுப்பாகும்போது பாசி பிடித்துப் பச்சையாகும். பாசியும், அழுகிய இலைதழைகளிலிருந்து கரைந்த பழுப்புச் சாறும் நீல ஒளியைத்தான் முதலில் விழுங்குகின்றன. ஆகவே பச்சைநீரில் பச்சை, மஞ்சள் ஒளிகளும், செம்மண் நீரில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒளிகளுமே உள்ளே மிஞ்சுகின்றன. அங்கே ஆசையாகக் கலந்த மயில்நீலம் இரண்டு முழ ஆழத்தில் வெறும் கறுப்பு. செம்மண் நீரில் ஆரஞ்சும் கிளிப்பச்சை மஞ்சளும் வெள்ளையும் எடுபடும். மலையடிவாரத்து அணைகளில் மழை ஓய்ந்து நீர் தெளிந்திருக்கும் நாள்களில்தான் மங்கிய இயல்நிறங்களுக்கும் முதுகின் நுணுக்கங்களுக்கும் மதிப்பு உண்டு.

மீனின் கண்ணும் நம் கண்ணும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் பெருவாய் பாஸ் மீனை வைத்து நடத்திய சோதனைகளில், அது சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்தது; ஆனால் கிளிப்பச்சை மஞ்சளை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டது. கெண்டை இனத்தைச் சேர்ந்த தங்கமீனுக்கோ நம்மைவிட ஒரு வகை கூடுதலாக, நான்கு வகை நிற உணரிகள் உண்டு. நமக்குத் தெரியாத புற ஊதாவும் அதற்குத் தெரியும். ஆகவே, தட்டில் இரண்டு பச்சைகளுக்கு இடையே மயிரிழை வேறுபாட்டைப் பார்த்து ஒரு மணி நேரம் கலக்குவது நம் திருப்திக்காகத்தான். அதில் தவறில்லை, நானும் செய்கிறேன். ஆனால் மீனுக்காகச் செய்ய வேண்டியது வெளிர்வு–கருமை வேறுபாட்டைச் சரியாக அமைப்பது. கீழிருந்து மேலே பார்க்கும் விராலுக்கு வானத்தின் முன்னால் தவளை வெறும் நிழலுரு. அந்தி மயங்கும் நேரத்தில் முழுக் கறுப்புத் தவளை எடுபடுவதற்கு அதுவே காரணம்.

இதைச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. பூசி முடித்த லூரைக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். முதுகும் வயிறும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கலவையைத் திருத்த வேண்டும். அடுத்து, எந்த ஏரியில் வீசப்போகிறீர்களோ அந்த ஏரியின் நீரையே ஒரு வாளியில் மொண்டு, கலவை பூசிய குச்சிகளைக் கயிற்றில் கட்டி அங்குலம் அங்குலமாக இறக்கிப் பார்க்க வேண்டும். எது முதலில் மறைகிறது, எது கடைசிவரை தெரிகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் வாளி சொல்லிவிடும். கரையில் இறங்கும் முன், மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

காய்ந்தபின் மாறும் நிறம்

ஈரமாக இருக்கும்போது அக்ரிலிக்கின் பசை பால் போல இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் காய்ந்த நிறம் தட்டில் கண்டதைவிட ஒரு படி கருமையாகத் தெரியும். போஸ்டர் கலரில் இது நேர்மாறு. காய்ந்தால் வெளிறும், மேலும் நீர் பட்டால் கரையும் என்பதால் அது லூருக்கு ஆகாது. எந்தக் கலவையையும் முதலில் ஐஸ் குச்சியில் பூசிக் காயவிட்டு, பாதிக்கு மட்டும் மேல்பூச்சான கிளியர் கோட்டையும் கொடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே லூரைத் தொட வேண்டும். மஞ்சள் விளக்கின் கீழ் இரவில் கலந்த நிறம் காலையில் வேறு முகம் காட்டும்.

எனாமலும் அக்ரிலிக்கும் தின்னரில் கரையும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டும் ஒன்றோடொன்று கலக்கமாட்டா. தட்டில் மட்டுமல்ல, அடுக்கிலும் எச்சரிக்கை வேண்டும். நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கின் மேல் எனாமல் நிற்கும். எனாமலின் மேல் அக்ரிலிக் பிடிக்காது. எனாமலின் மேல் என்.சி. தெளித்தால், அதிலுள்ள தின்னர் கீழ்ப்பூச்சைக் கிளறிச் சுருக்கிவிடும். டிங்கரிங் பட்டறையில் மிஞ்சிய பெயிண்டை ஒரு நண்பர் அன்போடு கொடுக்க, மூன்று நாள் உழைத்த கெண்டை ஒன்று அரைமணியில் முதியவரின் கன்னம் போலச் சுருங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். தின்னர் தீப்பற்றக்கூடியது என்பதையும், அதை மூடிய அறையில் வைத்துப் பூசக்கூடாது என்பதையும் சொல்லத் தேவையில்லை.

பழைய எனாமல் டப்பாவைப் பற்றி ஒரு தனிக் குறிப்பு. பளிச்சென்ற மஞ்சளுக்கு லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம் நெடுங்காலம் பயன்பட்டது. வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பூசும் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய டப்பாவை உப்புத்தாள் போடும் வேலைக்கும், மீன் வாயில் உரசும் வேலைக்கும் எடுக்காமல் இருப்பதே நல்லது. நான் திண்ணை டப்பாக்களை விட்டதற்கும் இதுவே காரணம்.

மேல்பூச்சுக்கு இரண்டு பாகமாக வரும் எபாக்ஸி உறுதியானது. பூசிய பிறகு ஒரே பக்கம் வழிந்து திரளாமல் இருக்க, முதல் அரைமணி நேரம் லூரைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எபாக்ஸி நாளடைவில் வெயில் பட்டு மஞ்சளிக்கும். வெள்ளை வயிறு மோர் நிறமாகும், நீல முதுகு பச்சைப் பக்கம் சாயும். ஆகவே வெள்ளையை முதலிலேயே அல்ட்ராமரின் தொட்ட குச்சி நுனியால் ஒருமுறை கலக்கிவிடுவது என் வழக்கம். வேட்டிக்கு நீலம் போடும் கணக்குத்தான்.

கலவை பூசிய ஐஸ் குச்சிகளின் பின்புறத்தில் சொட்டுக் கணக்கை எழுதி, நுனியில் துளையிட்டு, நரம்பில் கோத்து வைத்திருக்கிறேன். இப்போது அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. முதல் தவளையின் சாணப் பச்சையை அக்ரிலிக்கில் மீண்டும் கொண்டுவரப் பதினோரு குச்சி செலவாயிற்று. குரோம் எல்லோ 8, அல்ட்ராமரின் 2, வெள்ளை அரைச் சொட்டு.